ஸ்கெல்பியில் யாருக்கும் கஷ்டமில்லை

ஸ்கெல்பிக்கு ரயில் வந்த கதையை மிஸ் லாவினியா ட்ராட் சொல்ல ஆரம்பித்தால், கேட்க உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கும்போது தலை நரைத்திருக்கும். நாம் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். நூறு வருஷத்துக்கு முன்னால் தண்டவாளத்துக்கு அளவெடுக்க வந்தவர்களை ஊரின் பெரிய நிலக்காரர் வேலிக்கு வெளியே நிறுத்தி, புகை பட்டால் தன் பசுக்கள் கறுப்புப் பால் கறக்கும் என்று ஒரு சத்தம் போட்டார். அந்தச் சத்தத்தில் அளவுச் சங்கிலியே சுருண்டுகொண்டது என்பார்கள். தண்டவாளம் ஊரைத் தொடாமல் வளைந்து போனது. ஆகவே ஸ்கெல்பி ஸ்டேஷன் ஸ்கெல்பியில் இல்லை. ஒரு மைல் தள்ளி, கிழங்கு வயலுக்கும் பன்றிப் பண்ணைக்கும் நடுவில், வழி தவறி வந்த விருந்தாளி மாதிரி நின்றது. மழை நாளில் அந்த ஒரு மைல் மூன்று மைலாக நீளும். பண்ணைப் பக்கமிருந்து காற்றடித்தால் ஐந்து.

அந்தப் பாதையில் ஓடிய வண்டியை ஊரார் ஹெட்டி என்று கூப்பிட்டார்கள். ஒரு குட்டி நீராவி எஞ்சின், இரண்டு பெட்டி. ஹெட்டியின் ஜன்னலோரம் உட்கார்ந்து வயலில் நிற்பவனோடு ஒரு சண்டையை ஆரம்பித்தால், அதை நிதானமாக முடித்து, சமாதானமாகி, அவன் பெண்டாட்டி பிள்ளைகளை விசாரித்த பிறகுதான் வண்டி அந்த வயலைத் தாண்டும். ஸ்டேஷனில் போர்ட்டர், சிக்னல்காரர், விளக்கேற்றுகிறவர், டிக்கெட் கொடுக்கிறவர் எல்லாம் ஹொரேஸ் ஸ்னீத் ஒருவர்தான். ஒரு வண்டியை அனுப்புவதற்குள் அவர் நான்கு தடவை தொப்பி மாற்றுவார். டிக்கெட் கொடுக்கும் தொப்பியோடு இருக்கும்போது விளக்கைப் பற்றிக் கேட்டால், விளக்குக்காரர் இன்னும் வரவில்லை என்பார்.

ஈனிட் க்ளாம்புக்கு மட்டும் ஹெட்டியைக் கேலி பேச வாய் வந்ததில்லை. புதன்கிழமையும் சனிக்கிழமையும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, துணியால் வாய் கட்டிய ஒரு கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, முதல் பெட்டியில் உட்கார்ந்து ஆர்ஸ்பி டவுனுக்குப் போவாள். அங்கே ஆஸ்பத்திரியில், நெடுநாள் நோயாளிகளை வைத்திருக்கும் வார்டில், அவள் புருஷன் சிரில் கிடந்தார்.

சிரில் அந்தப் பாதையின் கேங்மேன். சுத்தியலும் கையுமாகத் தன் பங்குத் தண்டவாளத்தைத் தினமும் நடந்து பார்த்தவர். தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் ஒவ்வொரு கட்டைக்கும் பெயர் வைத்திருந்தார், பிறந்தநாள்கூடத் தெரியும் என்று ஹொரேஸ் சத்தியம் செய்வார். போன வசந்தத்தில் ஒரு காலை அந்தக் கட்டைகளின் மேலேயே விழுந்தார். பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒன்றாகப் போயின. மிச்சமிருந்தது பிடிவாதம் மட்டும். நர்ஸுகள் கரண்டியை நீட்டினால் பல்லைக் கடித்துக்கொள்வார். தேநீரை மட்டும் கொஞ்சம் உறிஞ்சுவார். ஈனிட் போய், முட்டையும் பாலும் சேர்த்துச் செய்த கஸ்டர்டைக் கரண்டியில் எடுத்து, "வாயத் தொற, என் ராசா" என்றால் திறப்பார். கிண்ணம் வழித்தெடுத்தது மாதிரி காலியாகும். அந்த இரண்டு நாள் சாப்பாட்டில்தான் வாரம் முழுக்க உயிர் ஓடியது.

கோடையில் ஒருநாள் வார்டு சிஸ்டர் அவளைக் கதவோரமாக அழைத்துப் போனாள். மறைப்பதில் அர்த்தமில்லை என்று ஆரம்பித்தாள்.

"அவர் இனிமே வீட்டுக்கு வரமாட்டார், மிஸஸ் க்ளாம்ப். சாப்பிடுற வரைக்கும் இருப்பார். அவ்வளவுதான் சொல்ல முடியும்."

ஈனிட் நன்றி சொன்னாள். எல்லோரும் அவரை ரொம்ப நன்றாகப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்றும் சொன்னாள். ஹெட்டியில் ஏறினாள். ஸ்கெல்பியில் இறங்கியவளுக்குப் பிளாட்பாரத்தைவிட்டு வெளியே போகும் வழி மறந்துவிட்டது. ஹொரேஸ் நான்கு தொப்பியையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, அவளோடு வீடுவரை நடந்தார். பன்றிப் பண்ணை ஓரமாக வரும்போது அவள் சொன்னாள். அவரையும் பன்றிகளையும் தவிர யாரும் கேட்கவில்லை. யாரிடமும் சொல்லாதே என்றாள். ஹொரேஸ் சொல்லவில்லை. பன்றிகளும் சொல்லவில்லை.

ஊரில் யார் கேட்டாலும், "தேறிட்டு வர்றார், நன்றி" என்றே ஈனிட் சொன்னாள். அவளைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊரில் எப்படி இருக்கிறாய் என்ற கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. வேறு பதில் சொல்வது, இரவு உடையோடு சர்ச்சுக்கு வருவது மாதிரி. டோரீன் பிண்டரின் மாமியார் வீட்டுக் கூரையைப் புயல் ஒருமுறை அப்படியே தூக்கிக்கொண்டு போனது. கிழவி கட்டிலில் குடை பிடித்துப் படுத்தபடி தபால்காரரைப் பார்த்து, அறைக்கு நல்ல காற்றோட்டம் வந்திருக்கிறது என்றாள். டோரீனின் புருஷன் பெர்சிக்குத் தீவனம் வெட்டுகிற மெஷினில் ஒரு விரல் போனபோது, கையுறை பின்னுகிறவளுக்கு வேலை மிச்சம் என்றார். அப்படிப்பட்ட ஊர்.

ஈஸ்டருக்குள் வந்துவிடுவாரா என்று டோரீன் கேட்டபோதும் ஈனிட் ஆமாம் என்றே சொன்னாள். அதனால் சிரில் ஈஸ்டருக்குள் வீட்டுக்கு வந்துவிடுவார் என்று ஊரே நம்பியது. அவர் தோட்டத்து உருளைக்கிழங்கைப் பெர்சி தோண்டி மூட்டை கட்டி வைத்தார். யாரோ வேலியை வெட்டிச் சீராக்கினார்கள். இன்னொருவர் வண்டி நிறைய எரு கொண்டுவந்து கொட்டினார். வந்ததும் அவர் மண்வெட்டியை எடுத்தால் போதும், மற்றதெல்லாம் தயார். ஈனிட் ஜன்னல் வழியாக அந்த எருக்குவியலைப் பார்ப்பாள். அது நாளுக்கு நாள் பெரிதானது.

செப்டம்பரில் ஸ்டேஷன் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். பாதையை மூடப்போகிறார்களாம். ஆட்சேபம் உள்ளவர்கள் ஊர் மண்டபத்தில் ஒரு குழுவின் முன்னால் வந்து சொல்லலாமாம். ஊரே கொதித்தது. கொதித்தது என்றால், கடை வாசலில் நின்று ஒருவருக்கொருவர் தலையாட்டிக்கொண்டார்கள். ஸ்கெல்பியில் அது புரட்சிக்குச் சமம்.

ஹொரேஸ் அந்த அறிவிப்பின் பொடி எழுத்தையும் விடாமல் படித்தார். குழு கேட்கப்போவது ஒரே ஒரு விஷயம்: வண்டி நின்றால் யாருக்காவது கஷ்டமா? வரவு செலவைப் பற்றிப் பேசக்கூடாது. வண்டி அழகு, வண்டி பழசு, எங்கள் தாத்தா இதில்தான் போருக்குப் போனார் என்பதெல்லாம் எடுபடாது. கஷ்டம் ஒன்றுதான் செல்லும். ஹொரேஸ் ரயில்வே ஆள் என்பதால் அவர் வாயே திறக்கக்கூடாது என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வேறு.

ஒரு புதன்கிழமை, வண்டிக்குக் காத்திருந்த ஈனிட்டின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எங்கள் பக்கத்தில் பிரியமானவர்களை வாத்து என்று கூப்பிடுவது வழக்கம். ஹொரேஸ் பள்ளிக்கூடத்திலிருந்தே ஈனிட்டை அப்படித்தான் கூப்பிடுவார்.

"இந்த ஊர்ல நிஜமான கஷ்டம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, வாத்து. அது உன் மடியில கிண்ணத்த வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு."

"எல்லாருக்கும்தான் கஷ்டம்."

"எல்லாரும் சொல்ல மாட்டாங்க. நீ சொல்லணும். என் வீட்டுக்காரர் என் கையால மட்டும்தான் சாப்பிடுவார், வண்டி நின்னா பட்டினி கிடப்பார். அவ்வளவுதான். அத கேட்டுட்டு வண்டிய நிறுத்துறவன் மனுஷனே இல்ல."

"டோரீன் அங்க இருப்பா. எல்லாரும் இருப்பாங்க."

"இருக்கட்டுமே."

ஈனிட் கிண்ணத்துத் துணியின் முடிச்சை இறுக்கிவிட்டு, சரி, சொல்கிறேன் என்றாள். அதன் பிறகு தினமும் உருளைக்கிழங்கு தோல் சீவும்போது அந்த வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பழகினாள். சமையலறையில் அது நன்றாகவே வந்தது.

விசாரணை நாளன்று மண்டபத்தில் நிற்க இடமில்லை. குழுவின் தலைவர் மெத்தென்ற முகமுள்ள மனிதர். நம்மைக் காப்பாற்றவே வந்தவர் மாதிரி ஒவ்வொருவரையும் பார்த்தார். உண்மையில் காப்பாற்றத்தான் பார்த்தார், அதுதான் கொடுமை. முதலில் எழுந்தது மிஸ் ட்ராட். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, ஊர் வரலாற்றுச் சங்கத்தின் தலைவி, செயலாளர், பாதி உறுப்பினர்கள் எல்லாம் அவர்தான். கறுப்புப் பாலில் ஆரம்பித்தார். அவர் முதல் எஞ்சினுக்கு வருவதற்குள் தேநீர் இரண்டு தடவை ஆறிப்போனது. முதல் உலகப்போருக்கு வருவதற்குள் முன்வரிசையில் ஒரு ஸ்வெட்டர் பின்னி முடிந்தது. தலைவர் மெதுவாகக் கையை உயர்த்தினார்.

"ரொம்ப அருமையா இருக்கு, மிஸ் ட்ராட். ஆனா சரித்திரம் கஷ்டத்துல சேராது."

"என் வகுப்புப் பசங்க அப்படிச் சொன்னதே இல்ல" என்றுவிட்டு மிஸ் ட்ராட் உட்கார்ந்தார்.

பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். டோரீன் பிண்டருக்கு இடுப்பு மோசம்; வாராவாரம் ஆர்ஸ்பி டாக்டரிடம் போகிறவள். பெர்சியின் கார் பன்றிப் பண்ணைக்கே நேர்ந்துவிட்டது, அதில் அவளுக்கு இடம் கிடைப்பது அபூர்வம். கஷ்டமா என்று தலைவர் கேட்டதும், கொஞ்சம் வலிதான், அப்படியொன்றும் பெரிதாக இல்லை, சமாளித்துக்கொள்வேன் என்றாள். பெர்சியைக் கேட்டார்கள். பன்றிகளைச் சந்தைக்கு அனுப்ப லாரி பிடிக்க வேண்டும், கஷ்டம் பன்றிகளுக்குத்தான், அவை இதுவரை புகார் சொன்னதில்லை என்றார். போரில் ஒரு காலை விட்டுவிட்டு வந்த கிழவர் டான்பியிடம் தலைவர் கிட்டத்தட்டக் கெஞ்சினார். ரயிலுக்குப் பதில் விடப்போகும் பஸ் நிற்கும் இடம் வரை அவ்வளவு தூரம் எப்படி நடப்பீர்கள்?

"நடந்தா எனக்கு ஒரு பக்க ஷூதான் தேயும், அய்யா."

மண்டபமே சிரித்தது. தலைவர் பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தவர் ஒவ்வொரு பேருக்கும் எதிரே, கஷ்டமில்லை என்று, ஒரு கோடு இழுத்தார். ஊரே எழுந்து நின்று, தன் வண்டியைத் தானே அவ்வளவு பணிவாகக் கொன்றுகொண்டிருந்தது. அது தெரிந்த ஒரே ஆள் ஹொரேஸ். அவர் பின்னால், தேநீர் பாத்திரத்தின் பக்கத்தில், பேச உரிமையில்லாமல், தொப்பியைத் துணி பிழிவதைப்போல் பிழிந்துகொண்டு நின்றார்.

ஈனிட் எழுந்தாள்.

"என் வீட்டுக்காரர் ஆர்ஸ்பி ஆஸ்பத்திரியில இருக்கார்."

தலைவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முன்னால் குனிந்தார். எப்போதெல்லாம் போவாள் என்று கேட்டார். புதன், சனி என்றாள்.

"அப்போ வண்டி இல்லன்னா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்?"

வாக்கியம் நாக்கில் இருந்தது. அதைச் சொன்னால் சிரில் வரமாட்டார் என்பதையும் சொன்னதாகிவிடும். எருவையும் வேலியையும் மூட்டை கட்டிய உருளைக்கிழங்கையும் ஒரே மூச்சில் பொய்யாக்கியதாகிவிடும். வாயைத் திறக்கச் சொல்லி ஊட்டிவிட வேண்டிய நிலையில் ஒரு மனிதர் கிடப்பதை, அவரோடு கிரிக்கெட் ஆடியவர்கள் முன்னால் சொல்ல வேண்டும். ஈனிட் நின்றாள். அவள் தடுமாறுவதைப் பார்த்து, பின்வரிசையிலிருந்து டோரீன் உதவிக்கு வந்தாள். அவ்வளவு பிரியமாக வந்தாள்.

"சிரில் ஈஸ்டருக்குள்ள வீட்டுக்கு வந்துடுவாரே, ஈனிட். நீதானே சொன்ன."

எல்லா முகமும் அவளைப் பார்த்துச் சிரித்தது.

"ஆமா" என்றாள் ஈனிட். "வந்துடுவார்."

"ஓ, அப்போ கொஞ்ச நாளைக்குத்தான்" என்றார் தலைவர்.

"ஆமாங்க. நான் சமாளிச்சுக்குவேன். நன்றி."

பின்னால் தேநீர் பாத்திரத்தின் குழாய் திறந்தபடியே இருந்தது. கோப்பை நிரம்பி, தட்டு நிரம்பி, மேசை நனைந்து, ஹொரேஸின் ஷூவில் கொட்டியது. அவர் அதை மூடவில்லை. எழுதுகிறவர் ஈனிட் பேருக்கு எதிரிலும் ஒரு கோடு இழுத்தார்.

அரசாங்கக் காகிதம் நத்தை வேகத்தில் வரும் என்பதுதான் உலக வழக்கம். இந்தக் காகிதம் மட்டும் ஹெட்டியை முந்திக்கொண்டு வந்தது. புத்தாண்டு கழிந்த முதல் சனிக்கிழமையோடு வண்டி நிற்கும்.

அந்தச் சனிக்கிழமையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வரைபடத்திலேயே இல்லாத ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் கேமராவோடு வந்தார்கள். ராணிக்கு முடிசூட்டிய நாளுக்குப் பிறகு ரயிலில் கால் வைக்காதவர்கள், குழந்தை குட்டிகளோடு, சாண்ட்விச்சோடு வந்தார்கள். எஞ்சின் மூக்கில் கறுப்பு மலர் வளையம். பித்தளை வாத்தியக் கோஷ்டி. பனிமூட்டத்தில் டிரைவரை எச்சரிக்கத் தண்டவாளத்தில் வைக்கும் வெடிகளை ஹொரேஸ் அலமாரி காலியாகும்வரை வரிசையாக வைத்திருந்தார். அவ்வளவு கூட்டமும் அறிவிப்பு ஒட்டுவதற்கு முந்தின மாதம் ஒரே ஒரு தடவை ஏறியிருந்தால் ஹெட்டிக்கு மூன்றாவது பெட்டி கோத்திருப்பார்கள்.

கிண்ணத்தோடு வந்த ஈனிட்டுக்குக் கதவருகே போகவே முடியவில்லை. எல்லோரும் மன்னிக்கணும், மன்னிக்கணும் என்றார்கள். யாரும் நகரவில்லை, நகர இடமுமில்லை. விசில் ஊத வேண்டிய ஹொரேஸ் அதை வாயிலிருந்து எடுத்துவிட்டு, அவள் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய், வண்டியின் கடைசியில் கார்டு ஏறும் சாமான் வேனில், ஆர்ஸ்பிக்குப் போகும் புறாக்கூடைகளுக்கு நடுவில் ஏற்றிவிட்டார். வெடிகள் ஒவ்வொன்றாக வெடிக்க, புறாக்கள் படபடக்க, அவள் கிண்ணத்தைக் கோட்டுக்குள் அணைத்தபடி நின்றாள். ஆர்ஸ்பிக்குள் நுழையும்போது அங்கேயும் வெடி வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரி, ஸ்டேஷனுக்குப் பின்பக்கத்துத் தெரு.

அவள் வார்டுக்குள் வந்தபோது சிரில் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பியிருந்தார். பனி இல்லாத நாளில் தண்டவாளத்தில் வெடி வைத்தால் அது கடைசி வண்டிக்கான வழியனுப்பு என்று ஒரு கேங்மேனுக்குத் தெரியாதா? அவள் கரண்டியை நீட்டினாள். அன்றும் கிண்ணம் காலியானது. எழுந்தபோது அவர் இடது கை அவள் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டது. விரல் விரலாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

ரயிலுக்குப் பதிலாக ஒரு பஸ் விட்டார்கள். வியாழக்கிழமை மட்டும், சந்தை நாளுக்கு. ஆஸ்பத்திரியில் பார்வை நேரம் புதன், சனி. ராணியே வியாழக்கிழமை வந்தாலும் வெளியே பெஞ்சில் உட்காரவைப்பார்கள். முதல் புதனன்று ஈனிட் மெயின் ரோடு வரை நடந்து, ஒரு பால் லாரியில் ஏறிப் போனாள். மணி அடித்து எல்லோரையும் வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார்கள்; சிஸ்டர் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டாள், நாலைந்து கரண்டி ஊட்ட முடிந்தது. சனியன்று லாரியும் வரவில்லை. அப்புறம் பனி பெய்தது. எங்கள் ஊர்ப் பனி வேலியை மூடும், வேலி மேல் உட்கார்ந்த காக்கையையும் மூடும்.

ஹொரேஸை ஆர்ஸ்பியில் சரக்கு யார்டுக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே அவருக்கு ஒரே ஒரு தொப்பிதான். புதன், சனி மதிய இடைவேளையில் ஆஸ்பத்திரிக்குப் போய், சிரிலுக்கு ஊட்டிப் பார்த்தார். பனி கரைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் வந்து ஈனிட்டின் சமையலறையில் உட்கார்ந்தார்.

"ரெண்டு கரண்டி வாங்கினான். அப்புறம் கேட் மூடின மாதிரி வாய மூடிட்டான். கதவத்தான் பாக்குறான், வாத்து. யார் வந்தாலும் கதவப் பாக்குறான்."

ஈனிட் மேசையைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்திருந்த மேசை.

"பெர்சிகிட்ட கார் இருக்கு" என்றார் ஹொரேஸ். "கேட்டா போதும். நான் கேக்கட்டுமா?"

"நானே கேக்கறேன்."

மறுநாள் டோரீன் வீட்டுக் கதவைத் தட்டினாள். டோரீன் மாவுக் கையோடு திறந்து, உள்ளே இழுத்து, தேநீர் ஊற்றினாள். சிரில் எப்படி என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல், பெர்சி ஒரு வாளி சுண்ணாம்பு வாங்கிவைத்திருப்பதாகவும், ஈஸ்டருக்கு முன்னால் சிரிலின் சமையலறைக்கு வெள்ளையடிக்கப் போவதாகவும், அதை ரகசியமாக வைத்திருக்க முடியாமல் தனக்கு வயிறே வெடித்துவிடும்போல் இருப்பதாகவும் சொன்னாள். ஈனிட் தேநீரைக் குடித்தாள்.

"தேறிட்டு வர்றார்" என்றுவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

மார்ச்சில் வரலாற்றுச் சங்கக் கூட்டம். மிஸ் ட்ராட் எழுதும் ஊர்ச் சரித்திரத்தின் கடைசி அத்தியாயம் வாசிப்பு. போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள் என்பதால் ஈனிட்டும் போய் உட்கார்ந்தாள். அதே மண்டபம், அதே நாற்காலிகள். மிஸ் ட்ராட் மலர் வளையத்தைப் படித்தார், வாத்தியக் கோஷ்டியைப் படித்தார். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார்:

"பாதை மூடப்படுவதால் ஸ்கெல்பியில் யாருக்கும் கஷ்டமில்லை என்று குழு முறைப்படி விசாரித்து முடிவு செய்தது. ஊராரும் அதை அமைதியாக ஏற்றுக்கொண்டனர்."

"அது தப்பு" என்று ஒரு குரல் கேட்டது. அது தன் குரல் என்று ஈனிட்டுக்குத் தெரியச் சற்று நேரம் பிடித்தது. எழுந்தும் நின்றிருந்தாள்.

மிஸ் ட்ராட்டின் வரலாற்றில் இதுவரை யாரும் தப்பு கண்டுபிடித்ததில்லை, விழித்திருந்தவர்களே குறைவு. அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"எது தப்பு, ஈனிட்?"

"சிரில் வீட்டுக்கு வரமாட்டார். கோடையிலேயே சொல்லிட்டாங்க. நான்தான் சொல்லல." குரல் சமையலறையில் வந்தது மாதிரி வரவில்லை, கட்டைக் குரலாக, யாரோ பொருள் விற்கிற குரலாக வந்தது. "கை வராது, பேச்சு வராது. நான் ஊட்டினாத்தான் சாப்பிடுவார். வண்டி நின்னதுலேர்ந்து ஒரே ஒரு தடவ போனேன். அவர் பட்டினி கிடக்கறார். அத எழுதிக்கோங்க."

டோரீன் வாயைத் திறந்து, "நீ சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் வாக்கியம் போகவில்லை. இடுப்பு வலியைச் சமாளித்துக்கொள்வேன் என்று இதே இடத்தில் நின்று சொன்னவள் அவளும்தானே. மிஸ் ட்ராட் பேனாவை எடுத்து, அந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்தார். பதிலாக என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவைத் தாளின் மேலேயே வைத்திருந்தார். மை ஊறி, ஒரு பட்டாணி அளவுக்குப் பரவியது.

பெர்சி எழுந்தார்.

"கார் வெளியதான் நிக்குது."

"இன்னிக்குப் பாக்க விடமாட்டாங்க, பெர்சி."

"அப்போ சனிக்கிழமை."

அதன் பிறகு நடந்ததை ஸ்கெல்பி மாதிரி ஊரில்தான் பார்க்க முடியும். யாரும் கண்ணீர் விடவில்லை, யாரும் அவளைக் கட்டிப்பிடிக்கவில்லை. யார் எந்தப் புதன், யார் எந்தச் சனி என்று முறை வைக்க ஆரம்பித்தார்கள். ஊரில் இருந்த கார்களைவிட முன்வந்த கார்கள் அதிகம். ஒற்றைக்கால் டான்பி தன்னிடம் ஒரு கோவேறு கழுதை இருப்பதாகச் சொல்லி வைத்தார்.

சனிக்கிழமை பெர்சி காரைக் கழுவி, பன்றி வாசனை போக இருக்கையில் புதுக் கம்பளி விரித்துக்கொண்டு வந்தார். பார்வை மணி அடிப்பதற்கு முன்பே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள்.

சிரில் கதவைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஈனிட் உள்ளே வந்ததும் கண் அவளோடேயே வந்தது. முகத்தில் எலும்பு மட்டும் இருந்தது. கம்பளியின் கீழே ஆள் இருக்கிற மேடே இல்லை. அவள் துணியை அவிழ்த்தாள், கரண்டியில் எடுத்தாள்.

"வாயத் தொற, என் ராசா."

திறந்தார். உடனே திறந்தார். அவள் ஊட்டினாள். கஸ்டர்ட் வாயில் இருந்தது. அவர் அவளையே பார்த்தபடி இருந்தார். பிறகு அது மெல்ல வாயோரமாக வழிந்து தாடைக்கு வந்தது. துடைத்துவிட்டு இன்னொரு கரண்டி கொடுத்தாள். அதற்கும் திறந்தார். அதுவும் வழிந்தது.

சிஸ்டர் அவள் பின்னால் வந்து நின்றாள். ஒரு வாரமாக இப்படித்தான், தேநீர்கூட இறங்குவதில்லை என்றாள்.

"உங்க மேல கோபம்னு நெனச்சுக்காதீங்க, மிஸஸ் க்ளாம்ப். தொண்டைக்கு முழுங்கறது மறந்துபோச்சு. ரொம்ப நாள் விட்டா அப்படி ஆயிடும்."

ஈனிட் கிண்ணத்தைத் துணியால் மறுபடி கட்டினாள். மணி அடிக்கும்வரை அவர் இடது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் கை இந்தத் தடவை பிடிக்கவில்லை. வைத்த இடத்தில் இருந்தது.

திரும்பும் வழியில் கிழங்கு வயல்கள் வந்த பிறகு, பெர்சி ரோட்டைப் பார்த்தபடியே, சிரில் எப்படி இருக்கிறார் என்று கேட்டார்.

"சாகறார், பெர்சி" என்றாள் ஈனிட்.

பெர்சி தலையாட்டினார். கொஞ்ச தூரத்தில் பழைய லெவல் கிராஸிங் வந்தது. கேட்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், தண்டவாளத்தையும் பெயர்த்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜல்லி மட்டும் இரண்டு பக்கமும் வெறுமையாக நீண்டுகிடந்தது. ஆயுசெல்லாம் பழகிய காலால் பெர்சி பிரேக்கை மிதித்தார். வழக்கம்போல இடதுபக்கம் பார்த்தார், வலதுபக்கம் பார்த்தார். அதோடு வண்டியை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அந்த மனிதர் விரல் போன அன்றுகூடப் போடாத சத்தம். அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். ஈனிட் தன் பக்கத்து ஜன்னலைப் பார்த்தாள். போகலாம் என்று அவள் சொல்லவில்லை. எஞ்சின் ஓடியபடியே இருக்க, வழியில் எதுவும் இல்லாத அந்த இடத்தில், இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள்.